21 நாள் நோட்டீஸ் முதல் தடையாணை வரை: மலேசியாவில் சர்ச்சைக் கடனுக்கான கலைப்பு மனுவைத் தடுக்கும் முறை

உங்கள் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்துக்கு, 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 466ஆவது பிரிவின்கீழ் கடனைக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கேட்கும் தொகையை நீங்கள் தரவேண்டியதில்லை, அல்லது அவ்வளவு தரவேண்டியதில்லை. ஆனாலும் 21 நாள் சும்மா கடந்துவிட்டால், கடனை அடைக்க முடியாத நிறுவனம் என்று சட்டம் உங்களை அனுமானித்துக்கொள்ளும். அடுத்து உயர் நீதிமன்றத்தில், நிறுவனத்தையே கலைக்கக் கோரும் கலைப்பு மனு வரலாம்.

மனு பதிவாவதற்கு முன்பே அதைத் தடுக்கும் உத்தரவை மலேசிய வழக்கறிஞர்கள் ஃபோர்ச்சூனா இன்ஜங்ஷன் என்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு நிறுவனம் வழக்கறிஞர் இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. ஆகவே கீழே வரும் வேலைகளில் பாதி வழக்கறிஞருடையது. மீதிப் பாதியை இயக்குநரும் கணக்குப் பிரிவும்தான் செய்தாக வேண்டும். பெரும்பாலும் சறுக்குவதும் இந்த இரண்டாம் பாதியில்தான்.

1. முதலில் தேதியைப் பிடியுங்கள்

நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் ஓடுவதில்லை. நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில் அது சேர்ப்பிக்கப்பட்ட நாளே கணக்கு. சிறு நிறுவனங்களுக்குப் பதிவு அலுவலகம் என்பது பெரும்பாலும் கம்பெனி செக்ரட்டரியின் அலுவலக முகவரி. அங்கே யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி, மற்றத் தபால்களோடு ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினால், உங்களிடம் மிச்சம் இருப்பது 14 நாள்தான்.

எனவே முதல் வேலை செக்ரட்டரிக்கு ஒரு போன். எந்தத் தேதி, யார் வாங்கினார், முத்திரை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ப்பித்த நாளை விட்டு மறுநாளை ஒன்று என எண்ணி, 21ஆம் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். கடைசி நாள் பொதுவிடுமுறையில் விழுகிறது, ஒருநாள் கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத் திட்டமிடாதீர்கள்.

இன்னொரு தேதியும் தேவை. நோட்டீஸ் கெடு முடிந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் எதிர்த்தரப்பு மனுவைப் பதிவு செய்யலாம். 22ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக்கூடாது.

2. தொகையைப் பிரித்துப் பாருங்கள்

நோட்டீஸ் செல்லுபடியாகக் கடன் 50,000 ரிங்கிட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. அதற்கு முந்தைய 10,000 ரிங்கிட் கணக்கை இன்னும் சில நோட்டீஸ்களில் பார்க்கலாம். அந்தக் கணக்கில், 50,000 ரிங்கிட்டைத் தாண்டாத தொகைக்கு நோட்டீஸ் வந்தால் பாதி வேலை முடிந்தது.

வரம்பைத் தாண்டிய தொகை என்றால், ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் ஒப்புக்கொள்ளும் இன்வாய்ஸ்கள், வலப்பக்கம் மறுப்பவை. இந்தக் கணக்கைப் போடாமல் 'முழுவதையும் மறுக்கிறோம்' என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

ஓர் உதாரணம். நோட்டீஸில் 180,000 ரிங்கிட். அதில் 110,000 ரிங்கிட் பழுதான சரக்குக்கானது, அதைத்தான் மறுக்கிறீர்கள். மீதி 70,000 ரிங்கிட் உண்மையில் பாக்கி. இந்த நிலையில் தடையாணை கிடைக்காது. மறுக்கப்படாத பகுதியே தனியாக வரம்பைத் தாண்டுகிறது. தொகை சரியாக எவ்வளவு என்ற சண்டை மனுவை நிறுத்தாது என்பது மலேசிய நீதிமன்றங்களின் நிலைத்த நிலைப்பாடு.

செய்யவேண்டியது, அந்த 70,000 ரிங்கிட்டை உடனே கட்டுவது. கட்டும்போது எந்தெந்த இன்வாய்ஸ் எண்களுக்காக என்று கடிதத்தில் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 60, 61ஆம் பிரிவுகளின்படி, கொடுப்பவர் குறிப்பிட்டால் அது அந்தக் கடனுக்கே போகும். குறிப்பிடாவிட்டால், பெறுபவர் தன் விருப்பப்படி மறுக்கப்பட்ட இன்வாய்ஸில் அதை வரவு வைத்துவிட்டு, 'பாருங்கள், இதற்கே பணம் கட்டியிருக்கிறார்கள்' என்று பேசலாம்.

ஒப்புக்கொள்ளும் தொகை 40,000 ரிங்கிட்தான், வரம்புக்குக் கீழே என்றாலும் கட்டிவிடுவதே நல்லது. கையில் பணம் இருந்தும் ஒப்புக்கொண்ட பாக்கியைப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனத்தின் மறுப்பை நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார்.

3. சர்ச்சை உண்மையானதா? உங்களையே குறுக்கு விசாரணை செய்யுங்கள்

நீதிமன்றம் கேட்பது ஒரே கேள்வி: நல்லெண்ணத்தோடு எழுப்பப்பட்ட, கனமான அடிப்படையுள்ள மறுப்பா இது? கடன் இல்லவே இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சாட்சிகளை விசாரித்துத் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டவேண்டியது வாதத்தால் அல்ல, காகிதத்தால்.

அந்தக் காகிதத்தில் நீதிபதி முதலில் பார்ப்பது தேதி. நோட்டீஸுக்கு முந்தைய புகார் மின்னஞ்சல், திருப்பி அனுப்பிய சரக்கின் டெலிவரி ஆர்டர், கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) கேட்ட கடிதம், வேலைத்தளக் கூட்டக் குறிப்பு ஆகியவை பொன். நோட்டீஸ் வந்தபின் முதன்முதலாக எழுந்த புகாருக்கு 'பின்யோசனை' என்று பெயர். அதைக் கொண்டு தடையாணை வாங்குவது மிகக் கடினம்.

எடுபடும் மறுப்புகள் பொதுவாக இவை: சரக்கு அல்லது வேலை பழுதானது, இன்வாய்ஸில் உள்ள அளவு வந்துசேரவில்லை, தவணை நாள் இன்னும் வரவில்லை, ஏற்கெனவே கட்டியாயிற்று, கடனை நிறுவனம் அல்லாமல் இயக்குநர் தனிப்பட்ட முறையில் வாங்கினார், கோரும் தொகைக்குச் சமமான அல்லது மேலான எதிர்க்கோரிக்கை நிறுவனத்துக்கு உண்டு. எதிர்க்கோரிக்கை என்றால் வெறுமே 'எங்களுக்கும் நஷ்டம்' என்பது போதாது. வேறொருவரை வைத்துச் சரிசெய்த பில், கட்டிய அபராதம், அதன் கூட்டுத்தொகை வேண்டும்.

இப்போது எதிர்த்திசையில் தேடுங்கள். உங்கள் வழக்கைக் கவிழ்க்கும் காகிதங்கள் பெரும்பாலும் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும்.

கணக்குப் பிரிவு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிய மாத ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுண்ட். எதிர்த்தரப்பின் தணிக்கையாளர் அனுப்பிய இருப்பு உறுதிக் கடிதத்தில் 'சரி' என்று போட்ட கையெழுத்து. உங்களுடைய தணிக்கை செய்யப்பட்ட கணக்கில் இதே தொகை வணிகக் கடனாக நிற்பது. திரும்பிவந்த காசோலை. 'அடுத்த மாதம் கண்டிப்பா செட்டில் பண்றோம்' என்ற வாட்ஸ்அப் செய்தி. மின் இன்வாய்ஸ் முறையில் வாங்குபவர் 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்கக் கோரும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாததும் கேள்வியாக எழலாம்.

இவற்றில் ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள். விளக்கம் இருக்கலாம்: முத்திரை சரக்கு வந்ததற்கு மட்டும், தொகைக்கு அல்ல, பழுது பின்னால்தான் தெரிந்தது. விளக்கத்தை நீங்களே முன்வைத்தால் அது விளக்கம். எதிர்த்தரப்பு தாளைத் தூக்கிக் காட்டியபின் சொன்னால் சாக்கு.

மூன்று வகைக் கடன்களுக்கு இந்த வழி ஏறக்குறைய மூடிய கதவு. ஒன்று, நீதிமன்றத் தீர்ப்பின்படியான கடன். மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்பது மட்டும் அதைச் சர்ச்சைக் கடனாக்காது. தீர்ப்புக்கே இடைநிறுத்தம் வாங்க வேண்டும். இரண்டு, கட்டுமானத் துறையின் பணப் பாக்கித் தகராறுகளுக்கான, சிப்பா எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த தீர்ப்பாளர் முடிவு. அதை நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவு செய்யாமலே கலைப்பு மனு போடலாம் என்று லிகாஸ் பே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று, நீங்களே கையெழுத்திட்டுத் தவறவிட்ட சமரச ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற விதி (சர்ச்சையை நீதிமன்றம் அல்ல, நடுவரே தீர்க்கவேண்டும் என்பது) இருந்தால் அதுவே போதும் என்று சிலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் அந்த நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தது 2014ஆம் ஆண்டின் சால்ஃபோர்ட் எஸ்டேட்ஸ் தீர்ப்பு. அது தவறு என்று சியான் பார்ட்டிசிபேஷன் வழக்கில் பிரிவி கவுன்சில் (சில காமன்வெல்த் நாடுகளுக்கான லண்டன் மேல்முறையீட்டு மன்றம்) 2024ல் கூறிவிட்டது. விதியைக் குறிப்பிடுங்கள், கூடவே மறுப்பின் சாரத்தையும் முழுதாகக் காட்டுங்கள்.

4. பதில் கடிதம்: 21 நாளின் முதல் பாதியிலேயே

எட்டு, பத்து நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போகட்டும். கடிதத்தில் ஐந்து செய்திகள் வேண்டும்: எந்தெந்த இன்வாய்ஸ் மறுக்கப்படுகிறது, ஏன், எந்தத் தேதியில் முன்பே புகார் செய்தோம், ஒப்புக்கொண்ட தொகை கட்டப்பட்டது, நோட்டீஸை எழுத்துமூலம் திரும்பப் பெறவேண்டும். கடைசியில் ஒரு கெடு: இத்தனையாம் தேதி மாலை 5 மணிக்குள், இந்த நோட்டீஸின் அடிப்படையில் கலைப்பு மனு போடமாட்டோம் என்ற உறுதிமொழி தரவேண்டும், தராவிட்டால் மேலும் அறிவிப்பின்றி நீதிமன்றம் செல்வோம்.

உறுதிமொழி கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. தந்தால் வழக்குச் செலவு மிச்சம். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால், மனு வரும் அச்சம் கற்பனை அல்ல என்பதற்கும் அவசரத்துக்கும் அதுவே சான்று.

இந்தக் கடிதத்தின் தலையில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (சமரசப் பேச்சு, நீதிமன்றத்தில் காட்டக்கூடாது என்ற குறிப்பு) என்று போடாதீர்கள். பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள், நீதிமன்றத்தில் காட்டவேண்டிய கடிதமே மூடிய உறைக்குள் போய்விடுகிறது. அந்தச் சொல் சமரசத் தொகை பேசும் தனிக் கடிதத்துக்கு மட்டும். அதேபோல், வழக்கறிஞர் மறுப்புக் கடிதம் எழுதும் வாரத்திலேயே இயக்குநர் எதிர்த்தரப்பு முதலாளியைக் கூப்பிட்டு 'அண்ணே, தவணை போட்டுக் கட்டுறேன்' என்று செய்தி அனுப்பினால் எல்லாம் வீண்.

5. எதைக் கேட்கிறீர்கள் என்பதை இரண்டு வழிகளில் ஒன்றில் நிறுத்துங்கள்

ஆஸ்திரேலிய விக்டோரியா மாநில நீதிமன்றத்தின் ஃபோர்ச்சூனா ஹோல்டிங்ஸ் தீர்ப்பு இரண்டு கிளைகளைச் சொல்கிறது. முதல் கிளை: வரப்போகும் மனு வெல்ல வாய்ப்பே இல்லை, பதிவானால் நிறுவனத்துக்கு ஈடுசெய்ய முடியாத சேதம். இரண்டாவது: சர்ச்சைக்குரிய கோரிக்கையைத் தீர்க்கப் பொருத்தமான வேறு வழி இருக்க, சேதம் விளைக்கும் இந்த வழியை எதிர்த்தரப்பு தேர்ந்தெடுத்திருக்கிறது.

சர்ச்சைக் கடன் வழக்குகளில் இரண்டாவது கிளையே பெரும்பாலும் கைகொடுக்கும். 'வாய்ப்பே இல்லை' என்பதைக் காட்டுவதைவிட அது எளிது. மாற்று வழி என்ன என்பதைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். உங்களிடம் எதிர்வாதமே இல்லை என்று எதிர்த்தரப்பு நம்பினால், அங்கே நீதிமன்ற விதிகளின் ஆர்டர் 14ன்படி, முழு விசாரணை இல்லாத சுருக்கத் தீர்ப்பும் அது கேட்கலாம்.

வழக்கைத் தொடங்குவது 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி ஒரிஜினேட்டிங் சம்மன்ஸ் மூலம், உயர் நீதிமன்றத்தில். அதோடு இடைக்காலத் தடைக்கான விண்ணப்பம், ஆதரவுப் பிரமாணப் பத்திரம், அவசரச் சான்று ஆகியவை ஒரே நாளில் பதிவாக வேண்டும்.

வேண்டுகோளைக் குறுக்கி எழுதுங்கள். 'இன்ன தேதியிட்ட நோட்டீஸின் அடிப்படையிலும், அதில் கூறிய கடனின் அடிப்படையிலும் கலைப்பு மனு பதிவு செய்யக்கூடாது' என்றால் கிடைக்கும். 'எக்காலத்திலும் எந்தக் கடனுக்கும் கூடாது' என்றால் கிடைக்காது. கடன் கொடுத்தவருக்குச் சட்டம் தந்த உரிமையை நீதிமன்றம் மொத்தமாகப் பறிக்காது.

6. பிரமாணப் பத்திரம்: இதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும்

நடந்ததை நேரில் அறிந்த இயக்குநர் கையெழுத்திட வேண்டும். பேருக்கு இருக்கும் இயக்குநரோ, வழக்கறிஞரோ அல்ல. இயக்குநர் குழுத் தீர்மானத்தையும் தயாராக வைத்திருங்கள்.

உள்ளடக்கத்தை இந்த வரிசையில் அமைத்தால் நீதிபதி பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்: ஒப்பந்தம், சரக்கு அல்லது வேலை, பழுது தெரிந்த நாள், புகார் செய்த நாள், எதிர்த்தரப்பின் பதில், நோட்டீஸ், நம் பதில், கட்டிய தொகை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் இணைப்பு. இணைப்பு இல்லாத வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

அடுத்து சேதம். 'பெயர் கெடும்' என்று ஒரு வரி எழுதி விடுவது வழக்கம், அது போதாது. மனு பதிவானபின் நிறுவனச் சொத்தைக் கைமாற்றுவது, நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, 472ஆவது பிரிவின்படி செல்லாது. அதனால்தான் வங்கி கணக்கை முடக்குகிறது. மனு கெஜட்டிலும் நாளிதழிலும் விளம்பரமாகிறது. வங்கிக் கடன் கடிதத்தில் 'கலைப்பு மனு வந்தால் முழுக் கடனையும் திரும்பக் கேட்கலாம்' என்ற விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். நடப்பில் உள்ள டெண்டர், சம்பளப் பட்டியலின் மாதத் தொகை, ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றை இணையுங்கள்.

நிதிநிலையையும் காட்டுங்கள்: கடைசித் தணிக்கைக் கணக்கு, ஆறு மாத வங்கி அறிக்கை. ஒரு எச்சரிக்கை மட்டும். பணம் இருக்கிறது என்பது தனியாக ஒரு தற்காப்பு அல்ல. மறுக்கப்படாத கடன் என்றால், இருக்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பார் நீதிபதி. மறுப்பு உண்மையானது, கட்ட முடியாமல் சொல்லும் சாக்கு அல்ல என்பதற்குத் துணைச்சான்றாகவே அது பயன்படும். சர்ச்சைத் தொகையை வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் வைத்திருக்கத் தயார் என்று முன்வந்தால் இந்தப் புள்ளி வலுப்பெறும். முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். நீதிபதி அதை நிபந்தனையாகவே போடக்கூடும்.

மொழி விஷயம் பலர் கடைசி நாளில் உணர்வது. ஆவணங்கள் தேசிய மொழியில் பதிவாக வேண்டும். தீபகற்பத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வைக்கலாம், சபா, சரவாக்கில் ஆங்கிலத்திலேயே பதியலாம். தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் முக்கியச் சான்று என்றால், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரை முதல் வாரத்திலேயே பிடியுங்கள். நமக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் படம்பிடிக்காமல் முழு உரையாடலையும் தேதி தெரியும்படி எடுங்கள். 'பாத்து செய்றேன்' என்பது ஒப்புதலா, வெறும் மரியாதைச் சொல்லா என்பது மொழிபெயர்ப்பில் தலைகீழாகிவிடும். முன்பின் வரிகள் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

7. எதிர்த்தரப்பு இல்லாமல் உத்தரவு வாங்கினால்

21ஆம் நாள் நெருங்கிவிட்டால், எதிர்த்தரப்பைக் கேளாமல் எக்ஸ் பார்ட்டி உத்தரவு கேட்கலாம். நீதிமன்ற விதிகளின் ஆர்டர் 29, விதி 1(2A) இதற்கான பிரமாணப் பத்திரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது: வழக்கின் உண்மைகள், விண்ணப்பத்துக்கான உண்மைகள், ஏன் எதிர்த்தரப்பு இல்லாமல், அறிவிப்பு தந்தோமா இல்லையா, எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய பதில், உத்தரவு மறுக்கப்படக் காரணமாகக்கூடிய உண்மைகள், இதற்கு முன் வேறு நீதிபதியிடம் கேட்டோமா, சரியாக என்ன நிவாரணம்.

இதில் நடுவில் உள்ள இரண்டும் கசக்கும்: எதிரியின் வாதத்தையும் நமக்குப் பாதகமான உண்மையையும் நாமே எழுதவேண்டும். மறைத்தால், வழக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உத்தரவு ரத்தாகலாம். மூன்றாம் படியில் தேடியெடுத்த பாதகக் காகிதங்கள் இங்கே வந்து சேரவேண்டும். நட்டஈட்டு உறுதிமொழியும் வேண்டும்: உத்தரவு தவறென்று பின்னர் தெரிந்தால் எதிர்த்தரப்பின் நஷ்டத்தை ஈடுசெய்வோம் என்பது.

உத்தரவு கிடைத்ததும் மூன்று எண்கள்: 7 நாளுக்குள் எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க வேண்டும், 14 நாளுக்குள் வரும்படி இருதரப்பு விசாரணை நாள் குறிக்கப்பட வேண்டும், 21 நாளில் உத்தரவு தானாகவே காலாவதியாகும். நோட்டீஸின் 21 நாளோடு இந்த 21ஐக் குழப்பிக்கொண்டு, விசாரணை தள்ளிப்போன நாளில் நீட்டிப்புக் கேட்க மறந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை தேதி மாறும்போதும் 'இடைக்காலத் தடை தொடரட்டும்' என்று கேட்டுப் பதிவுசெய்ய வைக்க வேண்டும்.

நேரம் இருந்தால் எதிர்த்தரப்புக்கு அறிவித்துவிட்டே போவது மேல். விசாரணை முடியும்வரை மனு போடமாட்டோம் என்று அவர்கள் வழக்கறிஞரே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டால், இந்தக் கெடுபிடிகள் எதுவும் தேவைப்படாது.

8. மனு ஏற்கெனவே பதிவாகிவிட்டால்

ஃபோர்ச்சூனா தடை என்பது, கலைப்பு மனு பதிவாகும் முன் வருவது. பதிவான மனுவுக்கு வேறு கருவிகள்: மனுவைத் தள்ளுபடி செய்ய அல்லது நிறுத்திவைக்க விண்ணப்பம், விளம்பரத்தைத் தடுக்கக் கோரிக்கை. அதே மறுப்பு, அதே காகிதங்கள். ஆனால் நெருக்கடி கூடுதல்.

இங்கே ஆளை வீழ்த்தும் தேதி ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு நிறுவனக் கலைப்பு விதிகளின் 30ஆம் விதிப்படி, எதிர்ப்புப் பிரமாணப் பத்திரத்தை விசாரணைக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பதிவுசெய்து எதிர்த்தரப்புக்கும் கொடுக்க வேண்டும். தள்ளுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறோமே என்று இதை விட்டுவிடாதீர்கள். இந்தக் கெடுவை நீதிமன்றங்கள் கறாராகப் பார்த்திருக்கின்றன. விண்ணப்பம் தோற்ற நாளில் கையில் எதிர்ப்புப் பத்திரம் இல்லையென்றால், மனு எதிர்ப்பின்றிப் போகும்.

சம்பளமும் சப்ளையர் பணமும் போகவேண்டும் என்றால், 472ஆவது பிரிவின்கீழ் அந்தக் கொடுப்பனவுகளுக்கு அனுமதி கேட்டுத் தனி விண்ணப்பம் போடுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்ற பட்டியல் இல்லாமல் 'வழக்கமான செலவுகள்' என்று கேட்பது பயனற்றது.

9. உத்தரவுக்குப் பிறகு

தடையாணை கிடைத்தால் கடன் மறைந்துவிடவில்லை. எதிர்த்தரப்பு அதே தொகைக்கு சிவில் வழக்குப் போடும். நீங்கள்தானே அந்த வழியைக் காட்டினீர்கள். பிரமாணப் பத்திரத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த வழக்கில் உங்களைக் கட்டும். பழுதான சரக்கை இடம் போதவில்லை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் அங்கே சான்று.

தடையாணை மறுக்கப்பட்டால், அன்றே அதே நீதிபதியிடம் மேல்முறையீடு முடியும்வரை எரின்ஃபோர்டு தடை எனப்படும் இடைக்காலப் பாதுகாப்பை வாய்மொழியாகக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. கலைப்பு மனுவோ மறுநாள் காலையிலேயே மின்பதிவாகிவிடலாம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்டு வழக்காடுவதா என்பதையும் அந்த நாளுக்கு முன்பே இயக்குநர் குழு முடிவு செய்திருக்க வேண்டும். கட்டுவதாக இருந்தால், எதிர்ப்புடன் கட்டுகிறோம் என்று கடிதத்தில் எழுதி, வழக்கறிஞர் வழியாகவே அனுப்புங்கள்.